ராஜாவின் பிள்ளை லயன் வீட்டில் இருக்கலாமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 36. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம். பிறந்ததும் லயன் வீடு (தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு), கட்டிக்கொண்டு போனதும் லயன் வீடு. கொழுந்து பறிக்கிறார், கணவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். நான்கு வருடத்துக்கு முன் இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தார். கணவர் எடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. "எங்களை இன்னமும் சிலோன்காரங்க என்றுதான் சொல்வார்கள். சபைக்குப் போன முதல் நாள் பாஸ்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீ ராஜாவோட பிள்ளைம்மா' என்றார்கள். அன்றைக்கு அழுத அழுகை எனக்கு மறக்காது" என்கிறார்.

போன வருடம் உபவாச ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து ஓர் ஊழியர் (பிரசங்கியார்) வந்தார். ராஜாவின் பிள்ளைக்கு ஏன் இன்னும் லயன் வீடு, ஏன் தைராய்டு மாத்திரை, விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறது, இல்லையென்றால் தலைமுறைச் சாபம் என்றார். 40,000 ரூபாய் விதைக் காணிக்கை (விதைபோலப் போட்டால் ஆசீர்வாதமாகத் திரும்பும் என்று கேட்கிற காணிக்கை) கொடுத்தால் சாபக் கட்டு உடையும் என்றார். சகோதரி கணவருக்குத் தெரியாமல் குழுக் கடன் வாங்கி 25,000 கொடுத்துவிட்டார். மீதி 15,000 பொருத்தனையாக (ஆண்டவருக்குத் தருவதாக நேர்ந்துகொண்டதாக) நிற்கிறது. பிற்பாடு மாத்திரையையும் நிறுத்தினார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. சுகமாகிவிட்டேன் என்று சபையில் சாட்சி சொன்னார். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. 4 மணி ஜெபத்துக்கு எழ முடியவில்லை, வேதத்தைத் திறந்தால் கண் சொக்குகிறது, பாட்டு வரவில்லை. "ஆவியானவர் என்னை விட்டுப் போய்விட்டாரா? நான் உண்மையிலேயே தேவனுடைய பிள்ளைதானா? பிள்ளை என்றால் ஆசீர்வாதம் எங்கே?" என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தில் மகளின் பட்டியல் சாதிச் சான்றிதழை மாற்ற வேண்டுமா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது.

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்கப்போவதில்லை. பிள்ளையா இல்லையா என்பதை முதலில் வைத்திருக்கிறீர்கள். மாத்திரை விஷயம் ஆறாம் பக்கத்தில் போகிற போக்கில் வருகிறது. எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

உடம்பு முதலில்

நான் மனநல ஆலோசகர், மருத்துவர் இல்லை. ஆனாலும் அசதி, மனச்சோர்வு என்று வருகிறவர்களிடம் தைராய்டு பார்த்தீர்களா என்று கேட்பது எங்கள் தொழிலில் வழக்கம். ஆவியானவர் விட்டுப்போனதற்கு அடையாளம் என்று நீங்கள் எழுதியவற்றை மட்டும் ஒரு தாளில் எடுத்து எழுதிப் பாருங்கள். விடியற்காலையில் எழ முடியாத அசதி, உட்கார்ந்தால் தூக்கம், பாடும்போது குரல் கரகரப்பு, முடி கொட்டுவது, யாரிடமும் பேசப் பிடிக்காதது, மே மாதத்திலும் இரண்டு ஸ்வெட்டர். தைராய்டு குறைந்தால் வருகிறவை என்று மருத்துவர்கள் சொல்கிற அதே அறிகுறிகள்தான் இவை. நீங்கள் கோயம்புத்தூரில் இருந்திருந்தால் அந்த இரண்டு ஸ்வெட்டரைப் பார்த்தே யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். கோத்தகிரியில் ஒருத்தி குளிருகிறது என்றால் யார் கண்டுகொள்வார்கள்?

முதல் இரண்டு வாரம் ஏன் நன்றாக இருந்தது என்பதற்கும் காரணம் உண்டு. உங்கள் மாத்திரையில் இருக்கிற தைராக்ஸின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். நீங்கள் எழுந்து நின்று சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குள் பழைய மாத்திரைதான் வேலை செய்துகொண்டிருந்தது. நீங்கள் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு உங்களுக்கு அப்படித்தான் இருந்தது.

இந்த வாரமே கோத்தகிரி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஐந்து மாதம் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். விட்டதற்கெல்லாம் சேர்த்து, வீட்டில் மிச்சமிருப்பதை இரண்டு மூன்றாக விழுங்கிவிடாதீர்கள். எவ்வளவு என்று மருத்துவர் சொல்லட்டும். மறுபடி தொடங்கியதும் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, டீயை அரை மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். தோட்டத்துக்கு ஓடுகிற அவசரத்தில் இது சிரமம்தான், ஆனாலும் வேண்டும். பழைய தெம்பு திரும்பச் சில வாரங்கள் ஆகும். கவனிக்காமலே விட்டால், அரிதாகத்தான் என்றாலும், உயிருக்கு ஆபத்தான நிலை வரை போகக்கூடிய நோய் இது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். இப்படியே தூங்கிப்போய்விட்டால் நல்லது என்று தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தால் அதையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு நேரத்தில் தோன்றினால் 14416-க்கு அழையுங்கள்; அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்றால், தீமோத்தேயுவை எங்கே வைப்பது? வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று அப்போஸ்தலன் பவுல் தன் இளம் உடன் ஊழியரான அவருக்கு எழுதுகிறார். அந்தக் காலத்து மருந்து அது. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியாகவே விட்டுவிட்டு வந்தேன் என்கிறார். தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அந்த ஊழியரின் அளவுகோலைப் பிடித்துப் பார்த்தால் பவுலே தேறமாட்டார்.

பிள்ளை என்பது எதனால்?

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பாஸ்டர் அம்மா உங்களை ராஜாவின் பிள்ளை என்றபோது ஒன்றையும் விசாரிக்கவில்லை. உங்கள் கூலி என்ன, வீடு எது, என்ன ஆட்கள், உடம்புக்கு என்ன, எதையும் கேட்கவில்லை. வெளியூர் ஊழியர் அதையே எடுத்துக்கொண்டு, அப்படியானால் காட்டு பார்க்கலாம் என்றார். இரண்டு பேரும் ஒரே போதனையைச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை, சகோதரி.

எபேசு பட்டணத்து விசுவாசிகளுக்குப் பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுங்கள். கிறிஸ்துவுக்குள் "ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தினாலும்" நம்மை ஆசீர்வதித்திருக்கிறார் என்று மூன்றாம் வசனத்தில் ஆரம்பித்து, அவை என்னென்ன என்று பதினான்காம் வசனம் வரை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போகிறார் பவுல். உலகம் உண்டாகும் முன்பே தெரிந்துகொண்டார். பிள்ளையாகச் சுவிகாரம் (தத்து) எடுத்தார். இரத்தத்தினாலே மீட்பு, பாவமன்னிப்பு. தம்முடைய சித்தத்தின் இரகசியத்தைத் தெரியப்படுத்தினார். சுதந்தரத்தில், அதாவது வாரிசுச் சொத்தில், பங்கு தந்தார். பரிசுத்த ஆவியால் முத்திரை போட்டார். அந்த ஆவியானவரே சுதந்தரத்துக்கு அச்சாரம். இதில் வீடு இல்லை, வண்டி இல்லை, கடன் தீர்ந்தது இல்லை, தைராய்டு குணமானதும் இல்லை. அவற்றைக் கேட்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அன்றாட அப்பத்துக்கு ஜெபிக்கச் சொன்னவர் இயேசுதான். ஆனால் அவை வந்தால் பிள்ளை, வராவிட்டால் பிள்ளையில்லை என்ற கணக்கு பவுலிடம் கிடையாது. அவரே சிறைப்பட்டவராக இருந்துதான் இதை எழுதுகிறார். மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் அதைச் சொல்லியும்விடுகிறார்.

அந்த நிருபத்தின் அமைப்பையும் கவனியுங்கள். மொத்தம் ஆறு அதிகாரம். முதல் மூன்றில், முன்பு எப்படி இருந்தீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிரக் கட்டளை என்று ஒன்றும் இல்லை. பொய் பேசாதே, திருடாதே, கோபத்தை இரவுவரை வைத்திருக்காதே, மனைவியை நேசி என்பதெல்லாம் நான்காம் அதிகாரத்துக்குப் பிறகுதான். நீ யார் என்று முதலில் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம்தான் எப்படி நடக்க வேண்டும் என்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். பிள்ளை என்று நிரூபிக்க ஒவ்வொரு மாதமும் எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

சுவிகாரம் என்பதை எபேசுக்காரர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள்? அவர்கள் ரோம ஆட்சியில் இருந்தவர்கள். ரோமச் சட்டத்தில் சுவிகாரப் பிள்ளை முழு வாரிசு. பெற்ற பிள்ளைக்கும் அவனுக்கும் சொத்தில் பேதம் இல்லை. முதல் பேரரசர் அகஸ்துவே ஜூலியஸ் சீசருக்குச் சுவிகாரப் பிள்ளைதான். அந்தப் பேரரசில் இருந்த அடிமைக்கும் கூலிக்காரனுக்கும், உங்களுக்கும் அதே நிலை என்று எழுதுவது சாதாரணப் பேச்சில்லை. ரேஷன் கார்டில் பெயர் ஏறிய குழந்தை காய்ச்சலில் படுத்தால் பெயரை அடித்துவிடுவார்களா? பரீட்சையில் தோற்றால்? உங்களுக்கு அசதி வந்ததும் பெயர் அடிபட்டுவிட்டதா என்று கேட்கிறீர்கள்.

சாபம் என்ற பயத்தையும் விடக் கூடாது. எபேசு மாந்திரீகத்துக்குப் பேர்போன ஊர். சுவிசேஷத்தைக் கேட்டவர்கள் தங்கள் மந்திரப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்பாகவும் எரித்தார்கள், அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் 19-ல் இருக்கிறது. கட்டுக்கும் ஏவலுக்கும் நடுங்கி வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். அவர்களுக்குப் பவுல் சாபத்தை உடைக்க இன்னொரு தொகை சொல்லவில்லை. எல்லா அதிகாரத்துக்கும் மேலாகக் கிறிஸ்து உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னார். அவர் நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டார் என்று கலாத்தியருக்கும் எழுதினார். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. உங்கள் தாத்தா பாட்டி கப்பலேறி வந்தது இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தால். அதைச் சாபக் கணக்கில் எழுத ஒருவருக்கும் உரிமையில்லை.

லயன் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1951-லேயே சட்டம் போட்டார்கள். ஓட்டை விழுந்த கூரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிர்வாகமும் அரசும். அதற்குச் சங்கம் இருக்கிறது, மனு இருக்கிறது. அதை உங்கள் விசுவாசத்தின் மேல் ஏற்றிவிட்டால், கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் உங்களையே நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

கொடுத்த பணம், கொடுக்காத பணம்

மீதி 15,000-ஐக் கொடுக்க வேண்டாம். பொருத்தனையைச் செலுத்தாவிட்டால் தண்டனை வரும் என்று பயப்படுகிறீர்கள். பொருத்தனைகளுக்கு விலை குறிக்கிற லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். அந்த விலையைச் செலுத்த முடியாத ஏழையாக இருந்தால், ஆசாரியன் அவனுடைய திராணிக்குத் தக்கபடி மதிப்பைக் குறைக்க வேண்டும் என்று எட்டாம் வசனம் சொல்கிறது. பவுல் இன்னும் தெளிவாக, ஒருவனிடத்தில் "இல்லாததின்படியல்ல, அவனிடத்தில் உள்ளதின்படியே" அங்கீகரிக்கப்படும் என்கிறார். கடன் வாங்கிய பணம் உங்களிடத்தில் உள்ள பணம் அல்ல.

கொடுத்த 25,000 திரும்ப வருமா? கேட்டுப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் மனமுவந்து கொடுத்த காணிக்கை என்று அவர்கள் சொன்னால் சட்டப்படி வாங்குவது கடினம். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். தவணைதான் இப்போது முக்கியம். இதை அடைக்க இன்னொரு குழுவில் கடன் வாங்கிவிடாதீர்கள், அங்கேதான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி நுண்கடன்களில், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு அழைத்துத் தொல்லை கொடுக்கவும் கூடாது. கட்ட முடியாத மாதம் வரும் என்று தெரிந்தால், அந்த மாதம் வருவதற்கு முன்பே போய்த் தவணைக் காலத்தை நீட்டித்துக் கேளுங்கள்.

சபையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கையைப் பிடித்த பாஸ்டர் அம்மாவிடம் தனியாகப் போய், கடனையும் மாத்திரையையும் சொல்லுங்கள். சாட்சியை மேடையேறித் திருத்த வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வேறு யாராவது சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்தியிருக்கலாம், அவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் அதைக் கேட்டு எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்து, அந்தச் சபையில் தொடர்வதா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

கணவரிடம் சொல்வது

அவரிடம் சொல்லாமல் முடியாது. இன்றில்லாவிட்டால் நாளை தவணைக்காரர் மூலம் தெரியும், அது இன்னும் மோசம். வண்டி ஓட்டிக் களைத்து வந்த இரவில் வேண்டாம். கடன் அட்டையைக் கையில் கொடுத்து, இவ்வளவு வாங்கினேன், இவ்வளவு கட்டினேன், இவ்வளவு மீதி என்று தொடங்குங்கள். ஆண்டவர், ஊழியர் பேச்செல்லாம் அதற்குப் பிறகு. கோபப்படுவார். நான்கு வருடம் உங்களை ஞாயிற்றுக்கிழமை தடுக்காதவர், கை நீட்டாதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் தாங்கக்கூடியதாகத்தான் இருக்கும். அவர் விசுவாசி இல்லை என்பதால் ஆசீர்வாதம் தடைபடுகிறது, அந்நிய நுகம் (விசுவாசி அல்லாதவரோடு கூடாத பிணைப்பு) என்று சொன்னார்களாமே. ஏற்கெனவே கல்யாணமானவர்களுக்குப் பவுல் நேரெதிராக எழுதுகிறார். சேர்ந்து வாழ அவருக்குச் சம்மதமானால் பிரியாதே, அவிசுவாசியான புருஷன் மனைவியால் பரிசுத்தமாக்கப்படுகிறான் என்று முதலாம் கொரிந்தியர் 7-ல் இருக்கிறது.

மகளின் சான்றிதழ்

சான்றிதழை மாற்றாவிட்டால் அது கள்ள விசுவாசம் என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். வாயைத் திறக்காதே என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேச்சையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவராக மாறியவர்களைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்கும் போய்க்கொண்டிருந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே உங்கள் பழைய சான்றிதழை உங்களுக்காக இனிப் பயன்படுத்தாதீர்கள். இது அநியாயம், மதம் மாறியதால் ஊரில் சாதி போய்விடுவதில்லை என்ற வாதம் பல காலமாக நடக்கிறது. என் மனமும் அந்தப் பக்கம்தான். ஆனால் இன்றைய சட்டம் இது.

மகள் நிலைமை வேறு. அவள் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அவள் அப்பாவும் எடுக்கவில்லை. தாய் ஞானஸ்நானம் எடுத்தார் என்ற ஒரே காரணத்தால் பிள்ளையின் சான்றிதழ் தானாக மாறிவிடாது. அதே சமயம் அவள் உங்களோடு ஆலயத்துக்கு வருகிறாள், விசாரணையில் அது கேட்கப்படலாம். பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திருக்காமல், ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் விசாரித்துவிட்டுப் போகலாம். போகும்போது மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். எட்டுப் பக்கத்தில் சபை என்ன சொன்னது, சொந்தம் என்ன சொன்னது என்றெல்லாம் இருக்கிறது. அவள் என்ன நினைக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி இல்லை.